அக்குளில் கிழிந்த பழைய ரோப்: இரண்டு முறை தைத்த கதை

மேல் அலமாரியில் இருந்த போர்வையை எடுக்கக் கையைத் தூக்கினேன். இடது அக்குளில் டர்ரென்று ஒரு சத்தம். நான்கு செ.மீ. நீளத்துக்குத் துணி பிளந்திருந்தது. அந்த ரோப்பைப் போட்டு இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

நண்பர் ஒருவர் வீடு மாறும்போது, யாருக்கும் வேண்டாம் என்று ஒதுக்கிய பெட்டியில் கிடந்தது அது. கணுக்கால்வரை நீளம். அரக்கு நிற ரேயான், நெசவிலேயே இலை வடிவம் எழும்பி நிற்கும் ஜக்கார்டு துணி. கழுத்தைச் சுற்றி வயிறுவரை இறங்கும் சால்வைக் காலர். காலரும் கைப்பட்டியும் பாக்கெட்டின் வாயும் கருநீலச் சாட்டின். உள்ளே பஞ்சு வைத்துச் சின்னச் சின்னச் சதுரமாகத் தைத்திருந்தார்கள். பொத்தான் ஒன்றுகூட இல்லை. இடுப்பில் கட்ட ஒரு கயிறு, உள்பக்கம் நழுவாமல் இருக்க இரண்டு நாடா, அவ்வளவுதான். ஹவுஸ்கோட், டிரெஸ்ஸிங் கவுன், ரோப் என்று எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் வேலை ஒன்றுதான்: வீட்டில் யார் கண்ணிலும் படாத நேரத்தில் போட்டுக்கொள்வது. அப்படி ஒரு உடைக்குக் காலர் முழுக்கச் சதுரம் சதுரமாகத் தையல் போட்டிருக்கிறார்களே என்பதுதான் எனக்கு முதலில் பிடித்தது.

கிழிந்த அன்று இரவே தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். பாலியஸ்டர் நூல், நெருக்கமான தையல், போகவும் வரவும் இரண்டு ஓட்டம். கச்சிதமாக இருந்தது. மூன்றாம் நாள் காலை சோம்பல் முறித்தபோது, என் தையலை ஒட்டியே, அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி, துணி மறுபடி பிளந்தது. இந்த முறை 11 செ.மீ. என் தையல் மட்டும் ஒரு இழைகூட அசையாமல் அப்படியே நின்றது.

துணி நலிந்த இடத்தில் அதைவிட வலுவான நூலை நெருக்கமாக ஓட்டினால், அந்த நூலே கத்தியாகிவிடும். தபால்தலைத் தாளில் ஓட்டை போடுவது எதற்கோ, அதைத்தான் நானும் செய்திருந்தேன். சரி, இனி அவசரப்படுவதில்லை என்று மொத்தத்தையும் பிரித்துப்போட்டேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தப் பதிவு. மாலை நேரங்களில் மட்டும் உட்கார்ந்ததால் ஐந்து வாரம் ஆனது.

முதல் வேலை, கையில் இருப்பது என்ன துணி என்று தெரிந்துகொள்வது. இதைத் தெரியாமல் தண்ணீரில் போட்டால் சில சமயம் திரும்ப எடுக்க எதுவும் மிஞ்சாது. உள்தையலின் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, பீங்கான் தட்டின்மேல் வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். மேல்துணியின் இழை சட்டென்று பற்றி, காகிதம் எரிந்த வாடையோடு மெல்லிய சாம்பலானது. பட்டாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வந்திருக்கும், நெருப்பை எடுத்ததும் எரிவது அடங்கியிருக்கும். பருத்தியும் இப்படிக் காகிதம் போலத்தான் எரியும், ஆனால் இந்தத் துணியின் மினுமினுப்பும், கையில் வழுக்கி விழும் கனமும் ரேயானுக்கு உரியவை. இழையை நாக்கில் தொட்டு ஈரமாக்கி இழுத்தேன், சுலபமாக அறுந்தது. காய்ந்த இழை அவ்வளவு சுலபத்தில் அறுபடவில்லை. பருத்தி ஈரமானால் இப்படி நலியாது. அதோடு சந்தேகம் தீர்ந்தது.

தோளிலும் கையிலும் மட்டும் லைனிங் இருந்தது. அதன் இழை உருகிக்கொண்டே எரிந்து, கறுப்பாய் ஒரு கெட்டி மணியாக உருண்டது. வினிகர் போல ஒரு புளித்த வாடை. அசிடேட் என்ற செயற்கை இழை. உறுதி செய்ய, நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனில் ஒரு துண்டு இழையைப் போட்டேன். கரைந்து கோந்து மாதிரி ஆனது. அசிடேட் லைனிங் இருக்கும் உடையில் நகப்பூச்சுக் கறை பட்டால் அதே அசிட்டோனால் துடைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், கறையோடு துணியும் போய்விடும்.

வயது என்ன? பின்கழுத்தில் ஒரு சின்ன நெய்த லேபிள், எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. இழை விவரமும் இல்லை, எப்படித் துவைப்பது என்ற குறியும் இல்லை. அமெரிக்காவில் 1960 முதல் துணியில் என்ன இழை எத்தனை சதவீதம் என்று லேபிளில் எழுத வேண்டும், 1972 முதல் துவைக்கும் முறையையும் எழுத வேண்டும். பிரிட்டனில் போர்க்காலத்தில், 1941இல் தொடங்கி, ‘சிசி41’ என்ற முத்திரை கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட உடைகளில் இருக்கும். இது எந்த நாட்டில் தைத்தது என்று தெரியாததால் லேபிள் இல்லாததை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. ஆனால் உள்தையல் பேசியது. ஓரங்களில் ஓவர்லாக் இல்லை, ரம்பப்பல் கத்தரியால் வெட்டி விட்டிருந்தார்கள். தையலுக்கு வெளியே தாராளமாக 2 செ.மீ. துணி. கீழ் ஹெம் 9 செ.மீ. ஆழம் மடித்துக் கையால் தைத்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 1940களோ 50களோ இருக்கலாம். என் யூகம் அவ்வளவுதான், இதை வைத்து யாரும் விற்கப் போவதில்லை.

லைனிங்கில் ஒரு வேடிக்கை இருந்தது. வெளியே தெரியும் பகுதி முழுக்க மங்கிய ரோஸ் நிறம், தையலைப் பிரித்தால் உள்ளே மடிந்திருந்த ஓரம் பளிச்சென்ற நீலம். வெயிலில் வெளுத்தது என்று நினைத்தேன். ஆனால் லைனிங் வெயிலைப் பார்ப்பதே இல்லையே! அசிடேட்டுக்குப் போட்ட பழைய நீலச் சாயங்களில் சில, காற்றில் கலந்திருக்கும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களால் சிவந்துபோகும். அடுப்பும் கணப்பும் எரியும் வீடுகளில், இருட்டான அலமாரிக்குள் தொங்கினாலும் இது நடக்கும். திரும்ப நீலமாக்க வழி இல்லை. எனக்கு அந்த ரோஸும் பிடித்துத்தான் இருந்தது, விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சுற்று. இந்த மாதிரித் தளர்ந்த வீட்டு உடை ஐரோப்பாவுக்குக் கிழக்கிலிருந்து போனது. 17ஆம் நூற்றாண்டில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஜப்பானிலிருந்து பஞ்சு வைத்த கிமோனோக்களைக் கொண்டுபோனார்கள். அந்த வெட்டைப் பார்த்து இந்தியச் சீட்டித் துணியிலும் பட்டிலும் ஆண்கள் வீட்டில் போடும் அங்கி தைக்கப்பட்டது. இங்கிலாந்தில் அதை ‘பான்யன்’ என்றார்கள். வணிகரைக் குறிக்கும் வாணியன், வாணியா போன்ற சொற்கள் போர்த்துக்கீசியர் வாய்வழியாகச் சுற்றி அங்கே போய்ச் சேர்ந்தவை. நாம் உள்ளே போடும் பனியனும் அதே குடும்பத்துச் சொல். நாட்குறிப்புக்குப் பெயர்போன ஆங்கிலேயர் சாமுவேல் பீப்ஸ் 1666இல் தன் உருவப்படத்துக்கு உட்கார்ந்தபோது போட்டிருந்த இந்திய கவுன் வாடகைக்கு எடுத்ததாம். வீட்டு உடையை வாடகைக்கு வாங்கிப் படத்துக்கு நின்ற மனிதரை நினைத்து, தையல் பிரிக்கும்போது இரண்டு தடவை சிரித்தேன். பைஜாமாவும் இப்படிப் பயணம் போன சொல்தான், பாரசீகத்தில் கால் உடை என்று பொருள். பெண்கள் பக்கத்தில் பெஞ்ஞுவார் என்ற மெல்லிய மேலங்கியின் பெயர், பிரெஞ்சில் தலை வாருவதற்கான சொல்லிலிருந்து வந்தது. தலை வாரும்போது போட்டுக்கொண்டதால் அந்தப் பெயர்.

கிமோனோ வந்த வழியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. என் ரோப்பின் கை தனியாக வெட்டி வைத்துத் தைத்ததல்ல. உடலும் கையும் ஒரே துணியில், அக்குளில் ஒரு வளைவோடு வெட்டியது. கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும்வரை இதைவிடச் சுகமான வெட்டு கிடையாது, தோளில் தையலே உறுத்தாது. கையைத் தூக்கும்போதுதான் சிக்கல். உடல் முழுவதும் ஏராளமாகத் துணி தொங்கினாலும், அந்த வளைவின் உச்சியில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத் துணி போதாது. மொத்த இழுப்பும் அங்கே போய் விழுகிறது. போதாக்குறைக்கு, வருஷக்கணக்கான வியர்வை இழையை நலியவைக்கும் இடமும் அதுதான்.

தைப்பதற்கு முன் துவைப்பதா, பின்னால் துவைப்பதா என்று ஒரு வாரம் யோசித்தேன். அழுக்குத் துணியில் ஊசி ஏற்ற மனம் வரவில்லை. அந்த ஒரு வாரமும் ரோப்பை நிழலில், காற்று வரும் இடத்தில் அகலமான ஹேங்கரில் தொங்கவிட்டேன். பாச்சை உருண்டை வாடை துவைத்தால் போகாது, தானாக ஆவியாகிப் போக விட வேண்டும்.

ரேயான் ஈரமானால் அதன் வலுவில் ஏறக்குறைய பாதி போய்விடும், காய்ந்ததும் திரும்பி வரும். தெரிந்தே இருந்தேன், ஆனாலும் தண்ணீருக்குள் கைவிட்டுத் தூக்கியபோது பயந்துவிட்டேன். காய்ந்த நிலையில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, நனைந்ததும் குழந்தையைத் தூக்குவது போல ஒரு கனம். அந்தக் கனத்தைத் தோளில் பிடித்துத் தூக்கியிருந்தால் அக்குள் மட்டுமில்லை, தோளும் பிய்ந்திருக்கும். நல்லவேளையாக ஒரு பழைய படுக்கை விரிப்பைத் தொட்டியில் முதலில் விரித்து, அதன்மேல்தான் ரோப்பைப் போட்டிருந்தேன். விரிப்பின் நான்கு மூலையைப் பிடித்துத் தொட்டில் மாதிரித் தூக்கினால் துணிக்கு வலிக்காது. கிழிந்த இடத்தை முன்கூட்டியே ஒரு வலைத்துணியோடு சேர்த்து, எளிதில் பிரிக்கும்படி பெரிய தையலால் பிடித்துவைத்தேன்.

சாயம் போகுமா என்பதை ஈரமான வெள்ளைத் துணியால் உள்தையலில் பத்து நிமிடம் அழுத்திப் பார்த்தேன். லேசாக இளஞ்சிவப்பு ஏறியது. உப்பு போடு, வினிகர் போடு, சாயம் நின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள். ஏற்கெனவே துணியில் இருக்கும் சாயத்தை இவை பிடித்து நிறுத்துவதில்லை. உருப்படியாகச் செய்யக்கூடியது குளிர்ந்த தண்ணீர், மிதமான திரவச் சோப்பு, குறைந்த நேரம். எட்டு நிமிடம் அழுத்தி அழுத்தி எடுத்தேன், தேய்க்கவோ பிழியவோ இல்லை. தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. நான்கு முறை அலசல். அப்புறம் தடித்த துண்டுகளுக்கு நடுவில் வைத்துச் சுருட்டி ஈரத்தை எடுத்து, கிடைமட்டமாக விரித்தேன். காலரில் பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்காமல் இருக்க, ஈரமாக இருக்கும்போதே சதுரம் சதுரமாக விரலால் தட்டிச் சமன் செய்தேன். காய இரண்டு நாள். நீளத்தில் ஒன்றரை செ.மீ. சுருங்கியிருந்தது, பரவாயில்லை.

இஸ்திரியில் ஒரு தப்பு நடந்தது. மேல்துணியை உள்பக்கமாகத் திருப்பி, மேலே ஒரு துணி போட்டுத் தேய்த்துக்கொண்டே வந்தேன். நன்றாக வருகிறதே என்ற தெம்பில் சூட்டைக் கூட்டி, கைக்குள் இருக்கும் லைனிங்கை மறந்துவிட்டேன். அசிடேட் ஒரு நாணய அளவுக்குப் பளபளவென்று விறைத்துப்போனது. ஓட்டை விழவில்லை. வலது கையை நுழைக்கும்போது இப்போதும் அந்த இடம் விரலில் தட்டுப்படும்.

இனி அக்குள். முதலில் என் பழைய பாலியஸ்டர் தையலைப் பிரிக்க வேண்டும். ஒரு பக்கம் மூன்று தையலுக்கு ஒன்று வெட்டி, மறுபக்கத்திலிருந்து நூலை உருவினேன். அது கிழித்துப்போட்ட ஓரம் தாடி மாதிரி இழை இழையாக நின்றது. அதைக் கத்தரிக்கவில்லை. ஒவ்வொரு இழையும் துணிதான், அதை வெட்டினால் கிழிசல் அவ்வளவு அகலமாகும்.

பின்னால் கொடுக்க மெல்லிய பருத்தி மல் துணி எடுத்தேன். மேல்துணியைவிட மெலிதாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் 3 செ.மீ. வரும்படி, மூலைகளை உருட்டி முட்டை வடிவமாக வெட்டினேன். ஓரத்தை மடிக்கவில்லை, மடித்தால் அந்த மேடு வெளியே கோடாகத் தெரியும், தேயும். சாதாரண மெல்லிய பருத்தி நூல், ஒற்றை இழை, 10ஆம் எண் ஊசி. ஊசியில் எண் கூடக்கூட மெலிவு. கிழிசலின் குறுக்காக நீண்ட ஓட்டுத்தையல்கள். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு நீளத்தில், ஒன்று உள்ளே முடிந்தால் அடுத்தது ஒரு செ.மீ. வெளியே முடியும்படி. எல்லா வரியும் ஒரே கோட்டில் முடிந்தால் அங்கே மறுபடி தபால்தலைதான். நூலை இழுத்துக் கட்டாமல், துணிமேல் படுத்துக் கிடக்கும் அளவுக்கு விட்டேன். ஓரத் தாடியை ஊசி முனையால் சீவி, பாவு இழை (நீளவாட்டு நூல்) பாவோடும் ஊடை இழை (குறுக்கு நூல்) ஊடையோடும் சேரும்படி படுக்கவைத்து, அதன்மேல் டார்னிங், அதாவது நூலால் நெய்வது போன்ற தையல். இந்த 11 செ.மீ.க்கு நான்கு மாலை ஆனது. வெளியே இருந்து பார்த்தால் தெரியும்தான். ஆனால் அக்குளை யார் பார்க்கப் போகிறார்கள்?

இதோடு விட்டிருந்தால் மறுபடி கிழிந்திருக்கும், ஏனென்றால் துணி போதாமை அப்படியே இருக்கிறது. எனவே ஒரு சதுரத் துண்டை, நெசவுக்குச் சாய்ந்த வாட்டத்தில், அக்குளில் வைத்துத் தைப்பது என்று முடிவெடுத்தேன். அதற்கு அதே துணி வேண்டும். அந்த 9 செ.மீ. ஹெம் அங்கேதான் கைகொடுத்தது. உள்மடிப்பின் முதுகுப் பக்கத்தில் 8 செ.மீ.க்கு 8 செ.மீ. வெட்டி எடுத்துக்கொண்டு, எடுத்த இடத்தில் பருத்தித் துணி வைத்து மூடினேன். வெளியே ஒன்றும் தெரியாது. அன்றைக்கு அவ்வளவு துணியை மடித்துவிட்டவர் நீளத்தைக் கூட்டிக்கொள்ளத்தான் விட்டிருப்பார், அக்குளுக்கும் ஆயிற்று.

சதுரத்தை வைக்க, வளைவின் உச்சியிலிருந்து ஒரு கீறல் வெட்ட வேண்டும். அப்போதுதான் கஷ்டப்பட்டுத் தைத்த இடத்தின் பக்கத்திலேயே கத்தரியை வைக்க எனக்குக் கை வரவில்லை. ஒரு நாள் தள்ளிப்போட்டேன். மறுநாள், கீறல் முடியும் புள்ளியில் விரல்நக அளவு ஆர்கன்சா (மெல்லிய, விறைப்பான துணி) துண்டை வைத்துத் தைத்துப் பலப்படுத்தி, அதற்கு ஒரு இழை முன்புவரை வெட்டினேன். சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக, மூலையில் சரியாக நிறுத்தி, கையாலேயே பின்தையல் போட்டேன். மெஷினில் செய்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மூலையில் ஊசி எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி. தைத்த பிறகு சதுரம் ஆறரை செ.மீ. அளவில் ஒரு வைரம் போல உட்கார்ந்தது. சாய்ந்த வாட்டம் என்பதால் கை தூக்கும்போது அது லேசாக இழுபட்டுக் கொடுக்கும்.

இடுப்புக் கயிறு நுழையும் வளையங்களில் வேறொரு பாடம் காத்திருந்தது. எனக்கு முன்னால் யாரோ ஒருவர் இதைச் சரிசெய்திருந்தார். தடித்த துணி வளையம், நைலான் நூல், மேலும் கீழும் பெட்டித் தையல். வளையம் இரும்பு மாதிரி உறுதி, அதைச் சுற்றியிருந்த ரோப் துணியோ பிய்ந்து தொங்கியது. கயிறு கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுத்திருக்கும். ஏதாவது ஒன்று போக வேண்டும், துணி போனது. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அக்குளில் நான் செய்ததும் அதுவே.

பழைய உடைகள் பலவற்றில் இந்த வளையத்தை வெறும் நூலால்தான் போட்டிருப்பார்கள். நானும் அதையே செய்தேன். பக்கத் தையலின் உள்ளே ஒரு துண்டு பருத்தி நாடாவைக் கொடுத்து, அதில் ஊன்றி, 5 செ.மீ. நீளத்தில் நான்கு இழையை மேலும் கீழும் ஓட்டி, அதைச் சுற்றி நெருக்கமாகப் பொத்தான் துளைத் தையல் போட்டுக்கொண்டே வந்தேன். பார்க்க மெல்லிய கயிறு மாதிரி இருக்கும். எங்கேயாவது மாட்டி இழுத்தால் இந்த நூல் அறும், துணி தப்பிக்கும். அறுந்தால் கால் மணி நேரத்தில் புதிது போட்டுக்கொள்ளலாம். முடித்த பத்தாவது நாளே நாற்காலிக் கையில் மாட்டி ஒன்று அறுந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் மறுபடி தைத்ததில்லை.

பாக்கெட் மூலை கிழிந்திருந்தது சின்ன விஷயம். உள்ளே நாடாத் துண்டு, மேலே முக்கோணமாக நான்கு தையல், முடிந்தது. அந்தப் பாக்கெட்டில் போனைப் போடும் பழக்கத்தை விட்டால் போதும். கைக்குட்டைக்கும் கண்ணாடிக்கும் வைத்த பாக்கெட் அது.

காலர் மடியும் இடத்தில், பின்கழுத்தில், சாட்டின் தேய்ந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. புதிய கருநீலச் சாட்டின் வாங்கி ஒட்டுப்போட்டேன். விளம்பரப் பலகை மாதிரி மின்னியது, அரை மணி நேரத்தில் பிரித்தேன். அதே துண்டைத் திருப்பி, சாட்டினின் மங்கலான பின்பக்கம் வெளியே தெரியும்படி வைத்தேன். பழைய துணியின் தேய்ந்த பளபளப்போடு நன்றாகவே ஒத்துப்போனது. ஒட்டு, தேய்ந்த சாட்டினுக்கு அடியில்தான் போனது. மேலே மிச்சமிருந்த பழைய இழைகளைப் படுக்கவைத்து, கருநீல வலைத்துணியால் மூடி, ஏற்கெனவே இருந்த சதுரத் தையல் கோடுகளின் வழியாகவே சின்னத் தையல் போட்டுப் பிடித்தேன். பழைய கோட்டிலேயே போனால் கண்ணுக்குப் புதுத் தையல் தெரியாது. அந்தக் கோடுகளைப் பின்தொடரும்போதுதான் கவனித்தேன், சதுரங்கள் எல்லாம் ஒரே அளவு இல்லை. பின்கழுத்தில் நடுத்தையலை நெருங்கும்போது, இரண்டு பக்கமும் சரியாகச் சந்திக்க வேண்டும் என்பதற்காக, கடைசி மூன்று சதுரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கியிருந்தார்கள். காலர் மடிந்தால் மறைந்துபோகும் இடம் அது.

கடைசியாகக் கயிறு. பழையது நடுவில் நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. முறுக்குக் கயிறு திரிப்பது சுலபம். நூல் கற்றையை ஒரு கொக்கியில் மாட்டி, மறுமுனையில் பென்சிலைக் கட்டி, இறுக இறுக ஒரே திசையில் முறுக்கிக்கொண்டே போவது. நடுவில் பிடித்து இரண்டாக மடித்துவிட்டால் தானே எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டு கயிறாகிவிடும். நீளத்தில்தான் கணக்குத் தப்பியது. இரண்டாக மடிப்பதை நினைவில் வைத்து 4 மீட்டர் எடுத்தேன், முறுக்கு விழுங்குவதை மறந்துவிட்டேன். 1.6 மீட்டர்தான் வந்தது, இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டால் நுனி தொங்கவே இல்லை. இரண்டாவது முறை 5 மீட்டரில் 2 மீட்டர் கயிறு கிடைத்தது. மடிக்கும் நேரத்தில் நடுவில் ஒருவர் பிடித்துக்கொள்வது நல்லது. நான் தனியாகச் செய்து, கயிறு பாம்பு மாதிரி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சிக்கி, ஒரு மாலை முழுக்க அதை அவிழ்ப்பதிலேயே போனது. பழைய குஞ்சங்கள் இரண்டும் திடமாக இருந்ததால் அவற்றையே புதுக் கயிற்றின் நுனியில் மாட்டினேன்.

இதைப் பார்த்துவிட்டு என்னிடம் பழைய ரோப்புகளைக் கொண்டுவந்து காட்டியவர்கள் இரண்டு மூன்று பேர். ஒருவர் கொண்டுவந்த பட்டு ரோப்பின் மடிப்புகளில் எல்லாம் கோடு கோடாக வெடிப்பு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பட்டுக்குக் கனம் கூட்ட வெள்ளீய உப்புகளை ஏற்றுவார்கள். அந்த உப்பே நாளடைவில் இழையைத் தின்றுவிடும். அதில் ஊசி ஏற்றினால் ஊசிபட்ட இடமெல்லாம் கிழியும். தட்டையாக வைத்துப் பார்த்து ரசியுங்கள் என்றுதான் சொல்ல முடிந்தது. இன்னொன்று, முதுகில் மயில் தோகை விரித்த செனில் ரோப், பருத்தித் துணியில் பஞ்சு நூலைக் குச்சம் குச்சமாக ஏற்றியது. அதில் குச்சம் உதிர்ந்த இடங்களை அதே தடிப்பு நூலால் நிரப்பிவிடலாம், துணியும் தாங்கும். ஆனால் இப்படி மேலே பஞ்சு எழும்பிய பருத்தி, ரேயான் துணிகள் நெருப்பைச் சட்டென்று பரப்பும். அமெரிக்காவில் 1953இல் தீப்பற்றும் துணிகளுக்கென்றே சட்டம் வரக் காரணமானவற்றில் இப்படிப் பஞ்சு எழுப்பிய ரேயான் ஸ்வெட்டர்களும் உண்டு. அகலக் கையோடு அடுப்பருகே போகாதீர்கள் என்று அவரிடம் இரண்டு தடவை சொன்னேன். நானும் என் ரோப்பைச் சமையலறை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

இரண்டு மாதமாகத் தினமும் போடுகிறேன். இடது அக்குள் நிற்கிறது. சதுரத்தின் ஒரு மூலையில் மட்டும் லேசாகச் சுருக்கம், அங்கே நான் ஒரு தையல் தள்ளி நிறுத்தியிருக்க வேண்டும். போன வாரம் துவைத்துக் காயப்போடும்போது வலது அக்குளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வளைவின் உச்சியில் நான்கைந்து ஊடை இழைகள் போய், பாவு மட்டும் ஏணிப்படி மாதிரி தெரிகிறது. இன்னும் கிழியவில்லை. ஹெம்மின் உள்மடிப்பில் இன்னொரு சதுரம் எடுக்கத் துணி இருக்கிறது. மல் துணியும் அந்த மெல்லிய நூலும் மேசை மேலேயே இருக்கின்றன. நாளை மாலை உட்கார வேண்டும்.